ஒரே அணி, இரண்டு ஓட்டுநர்கள்: புள்ளிப் பட்டியல் எதைச் சொல்கிறது?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஒரே அணியில் ஓட்டும் இருவரில் யார் சிறந்தவர் என்பதைப் புள்ளிப் பட்டியலைக் கொண்டு சொல்லிவிட முடியுமா, ஊடக ஆரவாரம் அந்த மதிப்பீட்டை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பது கேள்வி. புள்ளிப் பட்டியல் மட்டும் போதாது என்பதும், ஆரவாரம் நாம் எண்ணுவதைவிட ஆழமாகப் பாய்கிறது என்பதும் என் கருத்து.

வெவ்வேறு அணியினரை ஒப்பிடும்போது, காரின் வேகம் எது, ஓட்டுநரின் வேகம் எது என்று பிரித்தறிவது ஏறக்குறைய இயலாத காரியம். ஒரே அணிக்குள் இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் காரை ஓட்டுவதால் அந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது. அங்கும் நான் முதலில் பார்ப்பது, பந்தயத்தின் தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றைத்தான். ஒரே நாளில், ஒரே தடத்தில், ஒரே வகை டயரில் இருவரும் தனித்தனியாக ஓட்டும் அந்தச் சில நிமிடங்களில் பிறரின் குறுக்கீடு மிகக் குறைவு. பந்தயப் புள்ளிகளிலோ எஞ்சின் கோளாறு, மோதல், டயர் மாற்ற நிற்கும் பிட் நிறுத்தத்தில் தாமதம், அணியின் உத்தரவு என எல்லாமே கலந்துவிடுகின்றன.

இதற்கு 2010 முதல் 2012 வரையிலான மெக்லாரன் அணியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2009இன் உலகச் சாம்பியனான ஜென்சன் பட்டன், லூயிஸ் ஹாமில்டன் வேரூன்றியிருந்த அந்த அணிக்கு வந்தபோது, அவர் தவறான முடிவெடுத்துவிட்டார் என்றே பலரும் எழுதினார்கள். முதல் ஆண்டில் ஹாமில்டன் 240 புள்ளிகள், பட்டன் 214. அடுத்த ஆண்டில் பட்டன் 270, ஹாமில்டன் 227. மூன்றாம் ஆண்டில் ஹாமில்டன் 190, பட்டன் 188. மூன்றாண்டுக் கூட்டுத்தொகையில் பட்டன் 672, ஹாமில்டன் 657. உடனே ஆரவாரம் திசை மாறியது. ஹாமில்டனை வென்றவர் பட்டன் என்ற ஒற்றை வரி இன்றுவரை விவாதங்களில் உலவுகிறது.

அந்த வரி முழு உண்மையைச் சொல்லவில்லை. அதே மூன்றாண்டுகளில் ஹாமில்டன் பெற்ற வெற்றிகள் 10, பட்டன் பெற்றவை 8. 2012இல் சிங்கப்பூரிலும் அபுதாபியிலும் முன்னணியில் இருந்தபோது ஹாமில்டனின் கார் பழுதாகி நின்றது. ஸ்பெயினில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தும், காரில் எரிபொருள் போதாமல் நிறுத்தியதற்காகக் கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்டார். இவற்றில் எதுவும் அவர் ஓட்டியதில் இருந்த குறை அன்று. ஆனால் 2011க்கு அப்படிப்பட்ட சமாதானம் சொல்ல முடியாது: அந்த ஆண்டு ஹாமில்டன் ஃபெராரி அணியின் ஃபெலிப்பே மாசாவுடன் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டிருந்தார், பட்டனோ மழையில் நனைந்த கனடா பந்தயத்தில் ஒரு கட்டத்தில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து முன்னேறி இறுதிச் சுற்றில் வென்றார். ஒற்றைச் சுற்றின் வேகத்தில் ஹாமில்டன் மேலானவர், ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் தடத்தை வாசிப்பதில் பட்டன் மேலானவர் என்பதே என் மதிப்பீடு. 15 புள்ளி வித்தியாசத்திலிருந்து இந்த இரண்டில் ஒன்றைக்கூட அறிய முடியாது.

புள்ளிகளை எண்ணும் விதி மாறினாலே வரிசை தலைகீழாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1988இல் மெக்லாரன் அணியின் இரு ஓட்டுநர்களில் அலென் புரோஸ்ட் மொத்தம் 105 புள்ளிகளும் அயர்டன் சென்னா 94 புள்ளிகளும் எடுத்தார்கள். சிறந்த 11 முடிவுகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டதால் 90க்கு 87 என்று சென்னா சாம்பியன் ஆனார்.

ஊடகங்களின் மறதியும் ஆரவாரத்தின் ஒரு பகுதிதான். தொடர்ந்து நான்கு முறை சாம்பியனான செபாஸ்டியன் வெட்டல், 2014இல் ரெட் புல் அணிக்கு வந்த டேனியல் ரிக்கார்டோவிடம் 238க்கு 167 என்று தோற்றார்; ரிக்கார்டோ மூன்று பந்தயங்களில் வென்றார், வெட்டல் ஒன்றிலும் வெல்லவில்லை. அந்த நான்கு பட்டங்களும் காரால் மட்டுமே கிடைத்தவை என்று எழுதியவர்கள், 2013இல் வெட்டல் 13 பந்தயங்களை வென்றபோது அதே அணியின் மார்க் வெப்பர் ஒன்றைக்கூட வெல்லவில்லை என்பதை வசதியாக விட்டுவிட்டார்கள். அணித்தோழருடனான ஒப்பீட்டை 2014க்கு ஏற்பவர்கள் 2013க்கும் ஏற்றாக வேண்டும்.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது 2007. மெக்லாரன் அணியில், அறிமுக ஆண்டில் இருந்த பிரிட்டனின் ஹாமில்டனும், இரண்டு முறை சாம்பியனான ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ அலோன்சோவும் தலா நான்கு வெற்றிகளுடன் 109 புள்ளிகளில் முடித்தார்கள். 110 புள்ளிகள் எடுத்த கிமி ரைக்கோனன் பட்டத்தைக் கொண்டுபோனார். இத்தனை நெருக்கமான போட்டியைப் பிரிட்டன், ஸ்பெயின் ஊடகங்களில் ஒரு பெரும் பகுதி இரு நாடுகளின் மானப் பிரச்சினையாகவே நடத்தின. இறுதிப் பந்தயத்தில் மெக்லாரன் இருவரையும் சமமாக நடத்துகிறதா என்று கண்காணிக்க உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு தனி அதிகாரியையே நியமிக்க நேர்ந்தது. 2008 பிப்ரவரியில் பார்சிலோனா சோதனை ஓட்டத்தின்போது பார்வையாளர்களில் சிலர் ஹாமில்டனை இனத்தின் பெயரால் இழிவுபடுத்தினார்கள். கூட்டமைப்பு இனவெறிக்கு எதிராகப் பிரசாரம் தொடங்க வேண்டியதாயிற்று. அந்த இழிசெயலுக்கு அதைச் செய்தவர்களே முதல் பொறுப்பு. ஆயினும் ஓர் ஆண்டு முழுவதும் விளையாட்டுப் போட்டியைப் பகையாக எழுதிப் பழக்கியவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.