கேள்வி – பதில்: இரண்டு போர்ட், ஒரே லிங்க்

என்ஏஎஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் எல்லாரும் கோப்பு வைக்கும் சேமிப்பகம்) இரண்டு ஒரு-ஜிகாபிட் கேபிளால் ஸ்விட்சோடு இணைத்து எல்ஏசிபி (பல கேபிளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை) போட்டிருக்கிறோம். ஆனாலும் ஒரு கணினியில் காப்பி செய்தால் நொடிக்கு 112 எம்பிக்கு மேல் போகவில்லையே?
*வாசகர், ஈரோடு*

போகாது. பழுது எதுவும் இல்லை. உங்கள் கணினியின் கார்டே ஒரு ஜிகாபிட்தான் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 10 ஜிகாபிட் கார்டு போட்டாலும் இதே கதைதான். இரண்டு கருவிகளுக்கு இடையிலான ஒரு உரையாடலின் ஃபிரேம்கள் (தரவுத் துண்டுகள்) வரிசை மாறாமல் போய்ச் சேரவேண்டும் என்பதால், ஸ்விட்ச் அவற்றைப் பிரித்து அனுப்பாது. முகவரிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு, இந்த உரையாடலுக்கு இந்தக் கேபிள் என்று ஒதுக்கிவிடும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் காப்பி செய்யும்போதுதான் இரண்டாவது கேபிளின் பலன் தெரியும்.

அப்போதும் ஒரே கேபிளில் நெரிசல் என்றால் அந்தக் கணக்கைப் பாருங்கள். மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் சொந்த முகவரி) மட்டும் வைத்துப் பிரித்தால், ரவுட்டருக்கு அப்பாலிருந்து வரும் எல்லாருக்கும் ரவுட்டரின் மேக் ஒன்றுதான். அத்தனை பேரும் ஒரே கேபிளில் ஏறுவார்கள். சிஸ்கோவில் 'போர்ட்-சேனல் லோட்-பேலன்ஸ் எஸ்ஆர்சி-டிஎஸ்டி-ஐபி' என்று மாற்றுங்கள்; அனுப்புபவர், பெறுபவர் ஐபி முகவரிகளை வைத்துப் பிரிக்கும். இது ஸ்விட்ச் அனுப்புவதற்கு மட்டும். என்ஏஎஸ் அனுப்புவதை என்ஏஎஸ்தான் தீர்மானிக்கும். லினக்ஸ் பாண்டிங்கில் (லினக்ஸில் கேபிள்களைச் சேர்க்கும் வசதி) இயல்பாக இருப்பது 'லேயர்2', அதாவது மேக் மட்டும்; அதை 'லேயர்2+3' ஆக்குங்கள், ஐபியும் சேரும். பலர் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

ஒற்றைக் காப்பிக்கே வேகம் வேண்டுமென்றால் கணினி, என்ஏஎஸ், ஸ்விட்ச் மூன்றிலும் 2.5 அல்லது 10 ஜிகாபிட் போர்ட் இருக்கவேண்டும். அதுதான் நேரான வழி என்று சொல்வேன்.

இரண்டு சிஸ்கோ ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள். ஒரு பக்கம் மட்டும் 'ஆன்' கொடுத்தேன். கணினிகள் நெட்வொர்க்கில் வந்து வந்து போகின்றன.
*வாசகர், திருச்சி*

'ஆன்' என்றால் எதிர்ப்பக்கத்தைக் கேட்காமலே சேர்த்துவிடுவது. எதிர் ஸ்விட்சுக்கோ அவை இரண்டு தனிப் போர்ட்கள். ஒன்றில் வந்த பிராட்காஸ்டை (எல்லாருக்குமான ஃபிரேம்) மற்றொன்றில் திருப்பி அனுப்பும். உடனே முதல் ஸ்விட்ச், தன்னிடமே இருக்கும் கணினி அந்தப் பக்கம் இருப்பதாகப் பதிந்துகொள்ளும். அதுதான் இந்தத் தடுமாற்றம்.

ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். நான்கு போர்ட்களிலும் வேகம், டிரங்க் (பல விலேன்களை ஒரே கேபிளில் அனுப்பும் அமைப்பு), அனுமதித்த விலேன்கள் (ஒரே ஸ்விட்சில் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) ஒன்றாக இருக்கட்டும். பிறகு இருபக்கமும் போர்ட்களை 'இன்டர்ஃபேஸ் ரேஞ்ச்' கொடுத்துத் தேர்ந்து, 'சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்'. இருபக்கமும் 'பாசிவ்' வேண்டாம், யாரும் பேச்சைத் தொடங்கமாட்டார்கள். மாற்றும்போது இணைப்பு சற்று அறுபடும், தொலைவிலிருந்து செய்யாதீர்கள். கடைசியில் கேபிளைச் செருகி 'ஷோ ஈதர்சேனல் சம்மரி' பாருங்கள். போர்ட் பக்கத்தில் 'பி' இருந்தால் சேர்ந்துவிட்டது. 'ஐ' என்றால் அது தனியாக நிற்கிறது, எதிர்ப்பக்கம் எல்ஏசிபி பேசவில்லை. சின்ன 'எஸ்' என்றால் நிறுத்திவைத்திருக்கிறது. பெரும்பாலும் அமைப்பில் எங்கோ பொருத்தமில்லை. இனி விலேன் மாற்றங்களை சேர்ந்த இணைப்பான 'போர்ட்-சேனல் 1'-இல் மட்டும் செய்யுங்கள்.

சர்வரின் இரண்டு கேபிளையும் வெவ்வேறு ஸ்விட்சில் செருகலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

அவை ஸ்டாக் ஆகியிருந்தாலோ (ஒரே ஸ்விட்சாக இயங்கும்படி சேர்ந்திருப்பது), எம்எல்ஏஜி வசதி (இரண்டு தனி ஸ்விட்சுகள் சர்வருக்கு ஒன்றுபோலத் தோன்றுவது) இருந்தாலோ எல்ஏசிபி போடலாம். இல்லையென்றால் லினக்ஸில் 'ஆக்டிவ்-பேக்கப்' போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேபிள்தான் ஓடும், ஆனால் ஸ்விட்சில் எதையும் மாற்றவேண்டாம். 'எம்ஐஐமான் 100' (miimon=100, நூறு மில்லிநொடிக்கு ஒருமுறை கேபிளைச் சோதிப்பது) கொடுக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கேபிள் அறுந்ததே சர்வருக்குத் தெரியாது.