சுவிஸ் மலைகளில் ரயில் பாஸா, வாடகைக் காரா?

ஆல்ப்ஸ் பக்கம் நான்கு முறை போய் வந்திருக்கிறேன். இரண்டு முறை ரயிலில், ஒரு முறை காரில், கடைசியாக இரண்டையும் கலந்து. கிளம்பத் தயாராக இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இங்கே. கட்டணங்கள் 2024-இல் இருந்தவை, பெரியவர் ஒருவருக்கு, இரண்டாம் வகுப்பு. வாங்கும் முன் இப்போதைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர், 8, 13 வயதில் இரண்டு பிள்ளைகள். ஜூனில் 8 நாள்: லூசர்ன், இன்டர்லாக்கன், செர்மாட். நாலு பேர் என்றால் கார்தான் மலிவு என்கிறார்களே?

உங்கள் கணக்கில் நாலு டிக்கெட் இல்லை, இரண்டுதான். சுவிஸ் டிராவல் பாஸ் என்பது குறித்த நாட்களுக்கு நாடு முழுக்க ரயில், பஸ், படகில் போகத் தரும் ஒரே டிக்கெட். பெற்றோரிடம் அது இருந்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் கூடவே இலவசமாக வர உதவும் ஃபேமிலி கார்டு இலவசம். கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். 8 நாள் பாஸ் 419 பிராங்க், இருவருக்கும் சேர்த்து 838.

காருக்கு வாடகை, பெட்ரோல், ஹோட்டலில் பார்க்கிங், மலையடிவாரத்தில் பார்க்கிங். இவ்வளவும் கொடுத்த பிறகும் ரயில் ஏறத்தான் வேண்டும். செர்மாட்டுக்குள் வெளிக் கார்கள் போக முடியாது. டாஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில் போக வேண்டும். இன்டர்லாக்கனுக்கு மேலே உள்ள வெங்கன், முர்ரன் இரண்டும் அப்படித்தான். நிற்கிற காருக்கு வாடகை கட்டுவானேன்? ரயிலிலேயே போங்கள்.

கேள்வி: பாஸ் எடுத்தால் எல்லா மலையும் இலவசமா? டிட்லிஸ், யுங்ஃப்ராயோக் இரண்டும் பார்க்க ஆசை.

இல்லை. பலர் ஏமாந்து போகிற இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரயில், படகு, மலையூர்களுக்கு ஓடும் மஞ்சள் போஸ்ட் பஸ், நகர டிராம் எல்லாம் பாஸில் அடக்கம். மலைகளில் ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டோஸ் ஆகியவையும் அடக்கம். டிட்லிஸுக்கும் கோர்னர்கிராட்டுக்கும் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராயோக்குக்கு மட்டும் பாஸ் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே.

இன்னொரு அட்டை இருக்கிறது, ஹாஃப் ஃபேர் கார்டு. 120 பிராங்க், ஒரு மாதம் செல்லும். எந்த நாளும் இலவசப் பயணம் இல்லை, ஆனால் ஏறக்குறைய எல்லா டிக்கெட்டும் பாதி விலை, யுங்ஃப்ராயோக் உட்பட.

பாஸா, கார்டா, எது லாபம்? 6 நாளுக்கு ஒரு கணக்கு. 6 நாள் பாஸ் 379. அதில் கார்டின் விலை 120-ஐக் கழித்தால் 259. கார்டில் டிக்கெட் பாதி விலை என்பதால் அதன் இரு மடங்கு, 518. நீங்கள் போகப்போகிற ரயில், பஸ், படகு அனைத்தின் முழுக் கட்டணத்தையும் ரயில்வே செயலியில் பார்த்துக் கூட்டுங்கள். 518-ஐத் தாண்டினால் பாஸ், தாண்டாவிட்டால் கார்டு. யுங்ஃப்ராயோக் போவது உறுதி என்றால் தராசு கார்டு பக்கம் இன்னும் சாயும். ஒரே ஊரில் ஐந்து இரவு தங்கி நடக்கப் போகிறவருக்கு பாஸ் வீண். இரண்டு நாளுக்கு ஒரு ஊர் மாறுகிறவருக்கு அதுதான் சரி.

பாஸ் வாங்கினால் ரிகியை விட்டுவிடாதீர்கள். லூசர்னிலிருந்து படகில் விட்ஸ்னாவ், அங்கிருந்து 1871-இல் ஓடத் தொடங்கிய பற்சக்கர ரயிலில் உச்சி, மறுபக்கம் கோல்டாவுக்கு இறங்கி மறுபடி லூசர்ன். கூடுதலாக ஒரு பிராங்க் கூட ஆகாது. என்னைக் கேட்டால் அந்த நாட்டின் மிக நல்ல ஒரு நாள் அது.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. பெட்டிகளோடு ரயில் மாறுவது அவரால் முடியுமா?

இதற்கு நானும் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். ரயில் மாறச் சில இடங்களில் ஆறேழு நிமிடம்தான் கிடைக்கும், அது பெரியவர்களுக்குப் பதற்றம். ஆனால் பெரும்பாலான நிலையங்களில் சாய்தளமோ லிஃப்டோ இருக்கிறது. உண்மையில் தொல்லை கொடுப்பது முழங்கால் இல்லை, பெட்டி. நிலையத்திலிருந்து நிலையத்துக்குப் பெட்டியை அனுப்பும் சேவையை ரயில்வேயே தருகிறது, கையில் ஒரு சின்னப் பை போதும். ஊரையும் அடிக்கடி மாற்றாதீர்கள், இரண்டே இடங்களில் தங்குங்கள். தவறவிட்டால் அடுத்த ரயில் பெரும்பாலும் அரை மணியிலோ ஒரு மணியிலோ வந்துவிடும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும் என்றால் கார் பேச்சே வேண்டாம்.

கேள்வி: நம் ஊர் லைசென்ஸில் ஓட்டலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் கேட்கக்கூடும் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், பகலிலும் விளக்கு எரிய வேண்டும். வேக வரம்பு மணிக்கு ஊருக்குள் 50 கி.மீ., வெளியே 80, நெடுஞ்சாலையில் 120. கேமராக்கள் ஏராளம். நான் ஒரு கிராமத்தில் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன். ஊர் திரும்பிய பிறகு அபராதம் வந்தது, அதன் மேல் வாடகை நிறுவனத்தின் கட்டணம் வேறு.

நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற சாலைக் கட்டண வில்லை வேண்டும், 40 பிராங்க். சுவிஸ் வாடகைக் காரில் அது ஏற்கெனவே இருக்கும், இத்தாலியிலோ ஜெர்மனியிலோ எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். 12 வயதுக்குக் கீழே, 150 செ.மீ. உயரம் எட்டாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். குறுகிய மலைச்சாலையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நிற்க வேண்டும். வளைவுக்கு அப்பால் மூன்று சுர ஹாரன் கேட்டால் போஸ்ட் பஸ் வருகிறது என்று பொருள், அதற்கு வழி விடுங்கள்.

கேள்வி: அப்படியானால் கார் எப்போதுதான் எடுப்பது?

இத்தாலியின் டோலோமைட்ஸ் மலைகளுக்குப் போவதென்றால் எடுங்கள். அதன் நடுப்பகுதியில் ரயிலே கிடையாது. பஸ் உண்டு, ஆனால் விடியற்காலை வெளிச்சத்தில் கணவாய் உச்சியில் நிற்க வேண்டும் என்றால் சொந்த வண்டி வேண்டும்.

சுவிஸிலும் கார் எடுக்கத் தகுந்த ஒரு நாள் உண்டு. மெய்ரிங்கன் என்ற ஊரிலிருந்து கிளம்பி, கணவாய்கள் வழியாக ஒரு வட்டம்: கிரிம்செல் (2,164 மீட்டர்), ஃபுர்கா (2,429), ஆண்டர்மாட், சுஸ்டன் (2,224), மறுபடி மெய்ரிங்கன். கடைசிப் பயணத்தில் இதற்காகவே ஒரு நாள் மட்டும் கார் எடுத்தேன். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஃபுர்கா சாலையோரம் ரோன் பனியாற்றைப் பார்க்கலாம். இந்தக் கணவாய்கள் பனியால் மே கடைசி அல்லது ஜூன் வரை மூடியிருக்கும், அதனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்தான் நம்பிக்கையான மாதங்கள். எடுத்த ஊரிலேயே காரைத் திருப்பிக் கொடுங்கள், வேறு நாட்டில் விட்டால் கட்டணம் எகிறும்.

கேள்வி: கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கு பாஸ் போதுமா?

மலைக்காட்சி பார்க்கவே ஓடும் இந்தச் சுற்றுலா ரயிலில் பயணத்துக்குப் பாஸ் போதும், ஆனால் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். பெர்னினா எக்ஸ்பிரஸும் அப்படியே. ஆனால் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோவுக்கு அதே தண்டவாளத்தில் சாதாரண சிவப்பு ரயிலும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம், பாஸைக் காட்டினால் போதும். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம், கண்ணாடியில் நிழல் விழாமல் படம் எடுக்கலாம். நான் எப்போதும் ஏறுவது அதில்தான். திரானோ நோக்கிப் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள்.