நரி விரட்டும் நேரம்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஏழு வாரத்தில் ஒரு பெண் குழந்தை. பகல் முழுக்கத் தூங்குகிறாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். தூங்கினாலும் ஒரே முக்கலும் முனகலும்தான். பதறிப்போய்த் தூக்கினால் அழுகை. “பகலில் தூங்கவிட்டால் ராத்திரி எப்படித் தூங்கும், எழுப்பி வை” என்கிறார் அத்தை. பால் போதவில்லை, கேழ்வரகுப் பால் காய்ச்சிக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறார். காற்று பட்டுவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. கணவர் காலையில் வேலைக்குப் போக வேண்டும், ஹாலில் படுக்கிறார். என்னோடு பிரசவமான தோழியின் பையன் ஆறு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்குகிறானாம். நான் என்ன தப்பு செய்கிறேன்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தங்கைக்கு,

தப்பு எதுவும் செய்யவில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் ராத்திரி பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

வயிற்றில் இருந்தவரை அவளுக்கு நேரம் சொன்னது உங்கள் உடம்பு. இருட்டியதும் உங்களுக்குச் சுரக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் நச்சுக்கொடி வழியாக அவளுக்கும் போனது. கொடியை அறுத்ததோடு அந்தக் கடிகாரமும் போயிற்று. இனி அவளுக்கே சுரந்து, அது ராத்திரியில் ஏறிப் பகலில் இறங்கும் ஒழுங்குக்கு வர ஏறக்குறைய 9 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கொஞ்சம் தாய்ப்பாலில் வருகிறது. ராத்திரிப் பாலில் மெலடோனின் இருக்கும், பகல் பாலில் அநேகமாக இருக்காது. போதாக்குறைக்கு, குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போவதும் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான். சரியாக அந்த இடத்தில் நின்றுகொண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மன் என்று தூக்கத்தை ஆராய்ந்த ஒருவர் இருந்தார். 1938-ல் ஒரு குகைக்குள் ஒரு மாதத்துக்கு மேல் தங்கி, தன் உடம்பை 28 மணி நேர நாளுக்குப் பழக்க முடியுமா என்று பார்த்த மனிதர். (முடியவில்லை.) அவரும் எங்கல்மன் என்பவரும் சேர்ந்து 19 குழந்தைகள் எப்போது தூங்கின, எப்போது விழித்தன என்று மூன்றாவது வாரத்திலிருந்து 26-வது வாரம் வரை குறித்து 1953-ல் வெளியிட்டார்கள். பசித்தால் பால், தூக்கம் வந்தால் தூக்கம் என்று விடப்பட்ட ஒரு குழந்தையின் கணக்கை வரைந்தால் வேடிக்கையாக இருக்கிறது. முதலில் எந்த ஒழுங்கும் இல்லை, சிதறிய கடுகு மாதிரி. அப்புறம் சில வாரங்கள் தூக்க நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய்க் கடிகாரத்தையே சுற்றி வருகிறது. அதற்கும் பிறகுதான் அது ராத்திரியில் வந்து உட்காருகிறது. யாரும் பழக்கி வந்ததல்ல.

அந்த முக்கல் முனகலுக்கு வருகிறேன். குழந்தை தூக்கத்தில் சிரித்தாலும் சிணுங்கினாலும் “நரி விரட்டுது, தொடாதே” என்பார் எங்கள் ஆச்சி. நரி விஷயம் எப்படியோ, “தொடாதே” என்றது ரொம்பச் சரி. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்தத் துடிப்பான தூக்கம். இமைக்குள் கண் உருளும், கைகால் உதறும், மூச்சு ஒரு சீராக இருக்காது, முகம் அழப்போவது போலக் கோணும். நமக்குக் கனவு வருகிற கட்டத்துக்கு இதுதான் மூத்த வடிவம். கண் உருளும் தூக்கம் என்று ஒன்று இருப்பதை உலகம் தெரிந்துகொண்டதிலும் குழந்தைகளுக்குப் பங்கு உண்டு. கிளைட்மனின் மாணவர் யூஜின் அசெரின்ஸ்கிக்குக் கிடைத்த முதல் வேலை, தூங்கும் குழந்தைகளின் இமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சலிப்பான அந்த வேலையில் தொடங்கியதுதான் 1953-ல் அவர்கள் இருவரும் வெளியிட்ட அந்தப் பெரிய கண்டுபிடிப்பில் முடிந்தது.

நாம் படுத்ததும் முதலில் அமைதியான தூக்கத்துக்குப் போகிறோம். இந்த வயதுக் குழந்தை நேராகத் துடிப்பான தூக்கத்துக்குள் நுழைகிறது. தோளில் தூங்கிவிட்டாள் என்று நம்பிக் கீழே போட்டதும் வீல் என்று கத்துவது இதனால்தான். ஒரு சுற்று முடிய நமக்கு 90 நிமிடம், அவளுக்கு 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மேலே மிதந்து வந்து முனகுவாள். அந்த நொடியில் தூக்கினால், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நாமே எழுப்பியதாகிறது. ஒரு நிமிடம் பொறுங்கள். பசி என்றால் முனகல் அழுகையாக ஏறும், சந்தேகமே வராது.

அத்தையிடம் சண்டை வேண்டாம். ஆனால் பகலில் எழுப்பி வைக்காதீர்கள். இந்த வயதில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தாலே களைத்துப்போய், தூங்கவும் தெரியாமல் அழும். கேழ்வரகு ஆறு மாதத்துக்குப் பிறகு. ஜன்னல் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. பகலில் அறையை மூடி இருட்டாக வைக்கிறோம், ராத்திரி பால் கொடுக்கும்போது டியூப்லைட்டைப் போடுகிறோம். அவளுடைய கடிகாரத்துக்குக் கிடைப்பது தலைகீழ்ச் செய்தி. ராத்திரி நன்றாகத் தூங்கிய குழந்தைகளுக்குப் பிற்பகலில் கூடுதல் வெளிச்சம் கிடைத்திருந்தது என்று 2004-ல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வு சொன்னது. காற்றுப் படாமல் துணி சுற்றி, வெயில் நேராக விழாத திண்ணையில் உட்காருங்கள். ராத்திரிக்கு ஜீரோ வாட்ஸ் பல்பு போதும், பேச்சும் வேண்டாம், போனும் வேண்டாம்.

தூங்கவைக்கத் தூளி ஆட்டலாம், ஆனால் தாடை நெஞ்சில் இடிக்கும்படி மடங்கிவிடுகிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். தூங்கியதும் சமமான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். தலையணை, போர்வைக் குவியல் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் 1990-களில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரசாரம் செய்தே, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தோழியின் பையன் தூங்குவது அவன் அதிர்ஷ்டம், அவள் திறமை அல்ல. கனடாவில் 2018-ல் வந்த ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளிலேயே 38 சதவீதம் ஒரே மூச்சாக ஆறு மணி நேரம் தூங்கவில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஹாலில் படுக்கும் கணவர்தான். வேலைக்குப் போகிறார், சரி. ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை அவள் அவருடைய பொறுப்பு. பசித்தால் மட்டும் உங்களிடம் கொண்டுவரட்டும். துணி மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, நடப்பது எல்லாம் அவர் செய்யட்டும். அந்த நான்கு மணி நேரம் நீங்கள் ஹாலில் படுத்துத் தூங்குங்கள்.