தொழிற்பயிற்சி வகுப்பில் முரண்டு பிடிக்கும் வயதுவந்த மாணவர்களைக் கையாள்வது எப்படி?

அட்டனில் மின்னிணைப்புப் பயிற்சி வகுப்பு நடத்தும் நீங்கள், நாற்பது வயதைக் கடந்த ஒருவர் பாடத்தின் நடுவே "இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதான் சேர்" என்று குறுக்கிடுவதையும், இளைஞர்கள் இருவர் பிந்தி வந்து கைபேசியில் மூழ்குவதையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலாமவரை அடக்க முயல வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் மோட்டார் பழுதுபார்த்தவருக்குக் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது அவமானமாகவே படும். வயதுவந்தோரின் அனுபவத்தைப் புறக்கணித்தால், தம்மையே புறக்கணித்ததாக அவர்கள் உணர்வார்கள் என்று கல்வியியலாளர் மல்கம் நோல்ஸ் வலியுறுத்தினார். பழுதான மோட்டார் ஸ்டார்ட்டர் (மோட்டாரை இயக்கி நிறுத்தும் கருவி) ஒன்றைக் கொடுத்து, குறையைக் கண்டுபிடிக்கும் விதத்தை மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே மூடியைக் கழற்ற வேண்டும், டெஸ்டரால் சோதித்த பிறகே உள்ளே கைவைக்க வேண்டும் என்ற விதியில் அவருக்கும் சலுகை கூடாது. முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். பாதி முறுக்கு அதிலேயே தளர்ந்துவிடும்.

இளைஞர்களைத் தனியே அழைத்துப் பேசுங்கள். பொகவந்தலாவைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவரை வாசலில் நிறுத்தி ஏசுவதால் பஸ் முந்தி வரப்போவதில்லை. கைபேசியோ, குறிப்பை வாசிக்கச் சிரமப்படுவதை மறைக்கும் திரையாகவும் இருக்கலாம் (இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்). அப்படியானால் படத்தையும் செய்முறையையும் முன்னால் வைத்து, எழுத்தைப் பின்னால் கொண்டுவாருங்கள்.

குடித்துவிட்டு வருபவரையும் மிரட்டுபவரையும் மட்டும் அன்றே வெளியேற்றி, நிலையப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.