மூட்டு மாத்திரைக்கு முன்னால் எடை பாருங்கள்

கே: எங்கள் லேப்ரடாருக்கு 8 வயது. எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். மூட்டுக்கான குளுக்கோசமைன் எத்தனை மாத்திரை கொடுக்கலாம்?

எடை எழுதவில்லையே! எடை தெரியாமல் அளவு சொல்ல நான் ஜோசியர் இல்லை.

கே: 2 மாதமாகக் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் கொடுத்தும் பலனில்லை. விலை கூடிய பிராண்டுக்கு மாற்றலாமா?

வேண்டாம். 2 மாதம் பார்த்தது போதும். நாய்களிடம் குளுக்கோசமைன் வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் குறைவு. ஒமேகா-3 அதைவிடத் தேவலை. அந்தக் காசில் மீன் எண்ணெய் வாங்குங்கள். ஆனால் மெடிக்கலில் போய் ‘மீன் மாத்திரை’ என்று கேட்டால் மீன் ஈரல் எண்ணெயைத் தந்துவிடுவார்கள். அதில் வைட்டமின் ஏ, டி உண்டு, கூடினால் ஆபத்து. லேபிளில் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் எவ்வளவு என்று பார்த்து, அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கே: அப்பாவின் வலி மாத்திரை டைக்ளோஃபெனாக்கில் பாதி கொடுத்தோம். நன்றாக நடந்தான். தொடரலாமா?

கூடாது. கால் மாத்திரைகூடக் கூடாது. வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். ஐபுப்ரோஃபெனும் அப்படித்தான். வாந்தியோ கறுப்பு மலமோ இருந்தால் உடனே ஓடுங்கள்.

கே: எங்கள் பொண்ணு லேப்ரடார், 46 கிலோ. கொஞ்சம் கொழுகொழுவென்று இருப்பாள். சாப்பாட்டைக் குறைக்க மனசு வரவில்லை. நல்ல சப்ளிமென்ட் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் எனக்கு ஓயாமல் வருகிறது, ஊர் மட்டும்தான் மாறுகிறது. பெண் லேப்ரடாருக்கு 30 கிலோ தாராளம். மிச்சம் 16 கிலோவை வலிக்கிற மூட்டுகள்தான் நாள் முழுக்கச் சுமக்கின்றன. காலையில் பால் பிஸ்கட், மதியம் தயிர் சாதம், சாயங்காலம் தாத்தாவின் பஜ்ஜியில் பங்கு. அப்புறம் மாத்திரை என்ன செய்யும்? மூட்டுத் தேய்மானம் உள்ள குண்டு நாய்கள் சுமார் 6 சதவீதம் இளைத்தாலே நொண்டல் குறைவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு அது 3 கிலோ, அவ்வளவுதான். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளியே வந்தது. இனி சாப்பாட்டை அளந்து போடுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வழுக்கும் டைல்ஸில் மேட் விரியுங்கள்.

கே: 2 வயது சிப்பிப்பாறை. ஒரு நாள் முன்கால், மறுநாள் பின்கால் என்று நொண்டுகிறான். எந்த டானிக்?

டானிக் வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கால் மாற்றி நொண்டினால் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும்.

கே: டாஷ்ஹண்ட் நேற்றிலிருந்து பின்னங்கால்களை இழுக்கிறான்...

கடிதம் எழுதிக்கொண்டா இருப்பது! முதுகு டிஸ்க்காக இருக்கலாம், இப்போதே கிளம்புங்கள். முதுகு வளையாமல் தூக்குங்கள். வீட்டு வலி மாத்திரை? திரும்பவும் சொல்கிறேன், கூடாது.

கே: 4 மாத ராட்வீலர் குட்டிக்குக் கால்சியம் தரலாமா?

நல்ல பப்பி ஃபுட் தின்கிறதென்றால் வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினால் எலும்பு வளர்ச்சி கோணும்.