வேலி எங்கே போடுவது?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் பட்டறைக்கு டிசைன் செய்துதருகிறேன். கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், அதன் மையப் பகுதியான கெர்னல் 5.15, கோப்புகளை பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) முறையில் வைக்கும் டிஸ்க். டிசைன், கணக்கு, பிரிண்ட் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் ஹோம் என்ற ஒரே சப்வால்யூமிலேயே (டிஸ்குக்குள் தனியாக நிர்வகிக்கும் பகுதி) கிடந்தன. அதற்குத் தினமும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கிறேன். போன வாரம் புது சப்வால்யூம் உண்டாக்கி, தனியாக மவுன்ட் செய்து (ஒரு ஃபோல்டர் போலத் திறக்கும்படி இணைத்து), டிசைன் ஃபோல்டரை அங்கே நகர்த்தினேன். ஒரே டிஸ்க்தானே, நொடியில் முடியும் என்று நினைத்தேன். 300 ஜிபிக்கு மதியம் முழுக்க ஓடியது. காலியிடமும் அதே அளவு குறைந்துவிட்டது. ஏனுங்கண்ணா? இனி ஆர்டர் தரும் ஒவ்வொரு பையருக்கும் (buyer) ஒரு சப்வால்யூம் வைக்கலாமா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

டிஸ்க் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு சப்வால்யூமுக்கும் கோப்புக் கணக்கு தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரை மட்டும் மாற்றி எழுத முடியாது. நகல் எடுத்து, பழையதை அழிப்பதுதான் நடக்கும். பழையதை அழித்தும் இடம் திரும்பவில்லையே என்றால், உங்கள் தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் அந்த 300 ஜிபியை இன்னும் பிடித்துவைத்திருக்கின்றன. அவற்றை நீக்கினால் இடம் வரும். பின்னணியில் துப்புரவு நடப்பதால் உடனே தெரியாது, கொஞ்சம் பொறுங்கள்.

நகலிலும் தரவைத் திரும்ப எழுதாத வழி உண்டு: ரீஃப்லிங்க். இரண்டு பெயர்களும் டிஸ்கின் அதே இடத்தைக் காட்டும். ஆனால் தனித்தனியாக மவுன்ட் செய்த சப்வால்யூம்களுக்கு இடையே அது 2022இல் வந்த கெர்னல் 5.18 முதல்தான் நடக்கும். உங்களுடையது 5.15, அதனால்தான் அந்த மதியம் போனது. அடுத்த முறை எண் 5 கொண்ட மேல்மட்ட சப்வால்யூமை ஓரிடத்தில் மவுன்ட் செய்து, அதற்குள்ளிருந்தே ரீஃப்லிங்க் கட்டாயம் என்று சொல்லி நகலெடுங்கள். உங்கள் கெர்னலிலும் சட்டென்று முடியும். சரிபார்த்த பிறகு பழையதை அழிக்கலாம்.

பையருக்கு ஒன்று வேண்டாம் தம்பி. காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் பார்த்திருப்பீர்கள். கிளுவை வேலி காட்டைச் சுற்றித்தான் இருக்கும், உள்ளே நிற்கிற ஒவ்வொரு வெள்வேல மரத்துக்கும் வேலி கட்டுவதில்லை. பையர் பெயர், சாம்பிள், சீசன் எல்லாம் ஃபோல்டராகவே இருக்கட்டும். எதையெல்லாம் சேர்த்தே நேற்றைய நிலைக்குத் திருப்புவீர்களோ, அதற்கு ஒரு சப்வால்யூம். உங்களுக்கு மூன்று போதும்: டிசைன், கணக்கு, தற்காலிகக் கோப்புகள். டிசைனில் தவறிப்போனதைத் திருப்பும்போது நேற்று போட்ட பில் காணாமல் போகக் கூடாது, அதனால் கணக்கு தனி. தற்காலிகக் கோப்புகளுக்கு ஸ்னாப்ஷாட்டே வேண்டாம். தினமும் எழுதி அழிக்கும் அவைதான் இடத்தை விழுங்குகின்றன.

மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைக்காமல் மேல்மட்டத்தில் பக்கம் பக்கமாக வையுங்கள். ஸ்னாப்ஷாட் உள்ளே இருக்கும் சப்வால்யூமுக்குள் இறங்காது, அங்கே வெறும் காலி ஃபோல்டர்தான் இருக்கும். இதைத் தெரியாமல் திருப்பிவிட்டு, வேலை போய்விட்டதே என்று இரவெல்லாம் தேடியவன் நான்.

ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும். ஆகவே இதில் கைவைக்கும் முன் வெளி டிஸ்கில் ஒரு முழுப் பிரதி எடுத்து, நாலைந்து டிசைனைத் திறந்து பாருங்கள். அப்புறம் பட்டறை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குங்கள்.