தண்ணில வந்த பேண்ட்

அக்கா, ஸ்தோத்திரம். பரிணாம உயிரியல்ல பிஎச்டி ரெண்டாவது வருஷம் பண்றேன். சபையில ‘குரங்குல இருந்து வந்தோம்னு படிக்கிறவனா நீ’ங்குறாங்க, லேப்ல ‘இன்னும் சர்ச்சுக்கெல்லாம் போறியா’ன்னு சிரிக்கிறாங்க. ரெண்டுல ஒண்ண விட்டுத்தான் ஆகணுமா?

தம்பி,

எதையும் விட வேணாம். ஆனா ஆதியாகமத்துல உலகத்த படைச்ச ஆறு நாளையும் விஞ்ஞானம் சொல்ற பிரபஞ்சத்தோட 1380 கோடி வருஷ வயசையும் எப்படியாவது இழுத்துப் பிடிச்சு ஒட்டுற வேலைய மட்டும் விட்டுடுங்க, நானும் ரொம்ப நாள் அதைத்தான் பண்ணிட்டு இருந்தேன், ஒட்டல. அந்த நாள் நம்ம சாதாரண நாள் கிடையாதுன்னு ஆரம்பகால சபையோட பெரிய இறையியலாளர் அகஸ்டின் 5ஆம் நூற்றாண்டுலயே எழுதிட்டார், அப்ப டார்வினும் இல்ல, பயப்பட ஆளும் இல்ல.

எனக்கு லெமேத்ர ரொம்ப பிடிக்கும். பெல்ஜியத்து கத்தோலிக்க பாதிரியார், பிரபஞ்சம் விரியுதுன்னு 1927ல கணக்கு போட்டு காட்டினவர், 1931ல எல்லாம் ஒரு ஆதி அணுவுல இருந்து தொடங்கியிருக்கும்னும் சொன்னார். 1951ல போப் 12ஆம் பயஸ் இந்த மாதிரி கண்டுபிடிப்பையெல்லாம் படைப்புக்கு ஆதாரமா எடுத்துப் பேசினப்ப, பூரிச்சுப் போக வேண்டிய மனுஷன் சங்கடப்பட்டார். என் தியரிக்கும் மதக் கேள்விக்கும் சம்பந்தமில்லைங்குறதுதான் அவர் நிலைப்பாடு. அங்கியோட நின்னுக்கிட்டு அப்படிச் சொல்ல தைரியம் வேணும்.

விஞ்ஞான ரிசல்ட்ட விசுவாசத்துக்கு ஆதாரமா தூக்கிப் பிடிக்கக் கூடாதுன்னு எனக்கு பட்டுத்தான் புரிஞ்சது. பிஎச்டில மூணு மாசமா ஒரு பிசிஆர் (டிஎன்ஏவ நகல் எடுக்குற சோதனை) வரவே இல்ல. ஒரு நாள் மெஷின் மேல கைய வச்சு ஜெபம் பண்ணேன் (சிரிக்காதீங்க), டிஎன்ஏவ ஓட்டிப் பாக்குற ஜெல்ல யூவி வெளிச்சத்துல பாத்தா பேண்ட், அதாவது டிஎன்ஏ இருக்குன்னு காட்டுற கோடு, பளிச்சுன்னு நிக்குது. ஞாயித்துக்கிழமை சபையில எழும்பி சாட்சியே சொல்லிட்டேன், எல்லாரும் அல்லேலூயான்னாங்க. திங்கக்கிழமை கைடு படத்தோட ஓரத்த காட்டினார், சரிபாக்குறதுக்காக டிஎன்ஏ போடாம வெறும் தண்ணி விட்ட கன்ட்ரோல்லயும், எதுவும் வரக்கூடாத இடத்துல, அதே பேண்ட். கன்டாமினேஷன், எங்கிருந்தோ டிஎன்ஏ கலந்திருக்கு. சாம்பிள் லேனையே ஆசையா பாத்துட்டு இருந்ததுல அது என் கண்ணுல படவே இல்ல.

இப்பவும் ரன் போடுறதுக்கு முன்னாடி ஜெபம் பண்றேன், ரிசல்ட் வரணும்னு இல்ல, கன்ட்ரோல மொதல்ல பாக்குற புத்திய குடுன்னு.

அடுத்த வாரமே பாஸ்டர்கிட்ட போய் நடந்ததச் சொன்னேன், திட்டுவார்னு பாத்தா நாற்காலிய இழுத்துப் போட்டு ‘சரிம்மா, அப்ப அந்த தண்ணிக்குள்ள அது எப்படி வந்துச்சு?’ன்னு கேட்டார். ஒரு மணி நேரம் பேசினோம். உங்க வேலைய அந்த மாதிரி ஒருத்தர்கிட்ட உக்காந்து சொல்லிப் பாருங்க, சபையில ஒருத்தராவது இருப்பாங்க.